ஒரு ஆம்ப்பில் ரெண்டு கிட்டார்

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லேமிங்டன் ரோட்டுக்குள் போனால், டிவி ரிமோட்டும் சிசிடிவி கேமராவும் சோல்டரிங் அயர்னும் தொங்கும் கடைகளில் ஏதாவது ஒன்றில் அந்தக் கேபிள் கிடைத்துவிடும். ஒரு முனையில் கால் இஞ்ச் பின். மறு முனை இரண்டாகப் பிரிந்து இரண்டு ஜாக். ஒய் கேபிள் என்பார்கள். ரெண்டு கிட்டாரை ஒரே ஆம்ப்பில் போட வேண்டும் என்று சொன்னால் கடைக்காரர் மறுகேள்வி கேட்காமல் அதைத்தான் எடுத்து நீட்டுவார். வாங்கி வந்து செருகினால் வேலையும் செய்யும். ரெண்டு கிட்டாரும் கேட்கும். வினை கொஞ்சம் கழித்துத்தான் வரும். ரிதம் வாசிக்கிறவர் பாட்டுக்கு நடுவில் தன் கிட்டாரின் வால்யூமைச் சுத்தமாகக் குறைப்பார். அந்த நொடியே லீட் வாசிக்கிறவரும் ஊமையாகிவிடுவார்.

கேபிள் மேல் தப்பில்லை. எலெக்ட்ரிக் கிட்டாருக்குள் இருக்கும் வயரிங் அப்படி. வால்யூம் குமிழுக்கு அடியில் ஒரு கார்பன் பட்டை இருக்கிறது. பட்டையின் ஒரு நுனிக்கு பிக்அப்பிலிருந்து சிக்னல் வருகிறது, மறு நுனி எர்த். குமிழைத் திருப்பினால் நடுவில் ஒரு சின்னக் கை அந்தப் பட்டை மேல் ஊர்ந்து போகும். வெளியே போகும் சிக்னல் அந்தக் கையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. வால்யூமை ஜீரோவில் வைத்தால் கை நேராக எர்த் மேல் போய் உட்காருகிறது. ஒரு கிட்டார் மட்டும் இருந்தால் அதன் சத்தம் நிற்கும், அவ்வளவுதான். ஒய் கேபிளில் ரெண்டு கிட்டாரின் சிக்னல் வயரும் ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கிறது. ஒன்று எர்த்தைத் தொட்டால் இன்னொன்றும் தொட்டதாகத்தான் அர்த்தம். பம்பாய் சாலில் குடியிருந்தவர்களுக்கு இது புரியும்: கீழ்வீட்டுக்காரர் குழாயில் மோட்டாரைப் போட்டால் மேல்வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும் அல்லவா, அதே சங்கதி.

ஜீரோ வரைக்கும் போக வேண்டியதுகூட இல்லை. ஒருவர் வால்யூமைப் பாதிக்கு இறக்கினாலே மற்றவருக்கு அடி விழும். டோன் குமிழும் அப்படித்தான். அதில் பெரும்பாலும் 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். ஒருவர் டோனை மழுக்கினால் மற்றவரின் கிட்டாரும் போர்வைக்குள்ளிருந்து பேசும்.

இணையத்தில் இன்னொன்றும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: ஒய் கேபிளில் போட்டாலே டோன் செத்துவிடும் என்று. இதில் பாதிதான் உண்மை. ரெண்டும் ஒரே மாதிரி கிட்டார், ஒரே நீளக் கேபிள், எல்லாக் குமிழும் பத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிட்டாரின் அளவும் சரிபாதியாகும், அதாவது 6 டெசிபல் குறையும். டோன் பெரிதாக மாறாது. பிக்அப் ஒரு காயில். அதற்கு 2 முதல் 5 ஹென்ரி வரை இண்டக்டன்ஸ் இருக்கும். அதுவும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்துதான் கிட்டாரின் அந்தக் கீச்சுக்குரல் எங்கே எழும்ப வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. ரெண்டு காயிலை பேரலலாகப் போட்டால் இண்டக்டன்ஸ் பாதியாகும். ரெண்டு கேபிளின் கெப்பாசிட்டன்ஸோ கூடி இரட்டிப்பாகும். பெருக்கினால் கணக்கு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஆனால் நடைமுறையில் ரெண்டு பேர் ஒரே மாதிரி கிட்டார் வைத்துக்கொண்டு எல்லாக் குமிழையும் பத்திலேயே விட்டு வாசித்து நான் பார்த்ததில்லை. ஒருவரிடம் ஆறு கிலோ ஓம் சிங்கிள் காயில், இன்னொருவரிடம் எட்டு கிலோ ஓம் ஹம்பக்கர். ஒன்றில் பேட்டரி போட்ட ஆக்டிவ் பிக்அப் இருந்தால் கதை முடிந்தது: அதன் வெளிவாசல் இம்பீடன்ஸ் மிகக் குறைவு, அது மற்றதை விழுங்கிவிடும். கீபோர்டையும் கிட்டாரையும் ஒய் கேபிளில் சேர்த்தால் கிட்டார் எங்கே போனது என்று தேட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

இவ்வளவு விளக்கமும் எதற்கு என்றால், செம்பூரிலிருந்து நான் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் தாராவிக்குப் போகிறேன். 90 ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தமிழ்க் கிறிஸ்தவச் சபை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே பாட்டுக் குழுவில் பையன்களும் பெண்களுமாக ஆறேழு பேர். அநேகமாக எல்லாருடைய தாத்தாவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறியவர். பயிற்சி நடப்பது ஒரு வீட்டு மாடியில், தகரக் கூரைக்கு அடியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும் கோலியில், அதாவது ஒற்றை அறையில். பகலில் அது தையல் பட்டறை. ரெண்டு எலெக்ட்ரிக் கிட்டார், ஒரு கீபோர்டு, ஒரு கஹோன், 20 வாட் ஆம்ப் ஒன்று. ஆம்ப்பில் ஒரே ஒரு இன்புட். ரிதம் வாசிக்கும் பெண் மாட்டுங்காவில் காலேஜ் படிக்கிறாள், லீட் வாசிக்கும் பையன் மொபைல் கடையில் வேலை.

"அண்ணே, இன்னொரு ஆம்ப் வாங்கிட்டா பிரச்சினை தீர்ந்திரும்லா?" என்றாள் அவள்.

"வாங்கலாம். எங்க வைப்ப?"

சுற்றிப் பார்த்தாள். கீபோர்டு ஸ்டாண்டுக்கு அடியில் தையல் மெஷின். ஜன்னலோரம் துணி மூட்டை. கதவுக்குப் பின்னால் தண்ணீர் டிரம். "இவன் தலையிலதான் வைக்கணும்" என்று லீட் பையனைக் காட்டினாள்.

இடம் இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். பத்தடி அறையில் ரெண்டு ஆம்ப் எதிரெதிரே இருந்தால் நடப்பது ஒன்றே ஒன்று: இவர் கொஞ்சம் ஏற்றுவார், அவர் தனக்குக் கேட்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஏற்றுவார், பாடுகிறவர் தொண்டை கிழியும், பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டுவார். ஒரே ஆம்ப் என்றால் எல்லாரும் கேட்பது ஒரே கலவை. ஒருவர் திருட்டுத்தனமாக ஏற்ற முடியாது. இன்னொரு லாபமும் உண்டு. ரெண்டு ஆம்ப்பை ரெண்டு பிளக் பாயிண்டில் செருகி நடுவே கேபிள்களால் பிணைத்தால் கிரவுண்ட் லூப் உண்டாகி ஹம்மிங் வரலாம். அதைப் போக்க பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடு என்று யோசனை சொல்லும் மகான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கிட்டாரின் கம்பி எர்த்தோடு சேர்ந்தது, மைக்கின் வலையும் அப்படியே. மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே எர்த் இல்லாத ஆம்ப்பை வைத்துக்கொண்டு உதட்டை மைக்கில் வைப்பது உயிரோடு விளையாடுவது. ஒரே ஆம்ப், ஒரே எர்த் என்றிருந்தால் இந்த விபரீத யோசனைக்கே வேலை இல்லை.

தாராவி இசை என்றதும் இன்றைக்கு எல்லாருக்கும் ஞாபகம் வருவது ராப்தான். டோப்அடெலிக்ஸ் குழுவினர் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் ராப் பாடி, 2018-ல் காலா படப் பாடல்கள் வரைக்கும் போனார்கள். அடுத்த வருஷம் கல்லி பாய் வந்தது. ராப் இங்கே வேர் பிடித்ததற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். ஆம்ப் வைக்க இடம் வேண்டாம் என்பது அதில் முக்கியமான ஒன்று என்பது என் கட்சி. வாய்தான் டிரம், போன்தான் ஸ்டூடியோ. கிட்டார் பிடிக்கிறவர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. கிட்டார்காரர்கள் ஓரளவு சபைகளிலும் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராக்களிலும் ஒதுங்கிப் போனதற்கும் இடமே ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரே ஆம்ப்பைப் பகிர்வது ஒன்றும் புதிதில்லை. ஆளுக்கு ஒரு ஆம்ப் என்பதே பிற்காலத்துப் பழக்கம். 1950-களில் ஃபெண்டர் கம்பெனி செய்த டீலக்ஸ் ஆம்ப்பின் முகப்பில் ஒரு பக்கம் இன்ஸ்ட்ருமெண்ட், இன்னொரு பக்கம் மைக் என்றே எழுதியிருக்கும். கிட்டாரும் பாட்டும் ஒரே பெட்டிக்குள் போகட்டும் என்று நினைத்துச் செய்தது அது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்த அவர்களுடைய பாஸ்மேன் மாடலில் நாலு இன்புட். 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் அதைப் பார்த்துச் செய்த முதல் மார்ஷல் ஆம்ப்பிலும் நாலு. வாக்ஸ் ஏசி-30 வரிசையில் ஒரு மாடல் ஒரு படி மேலே போய் ஆறு இன்புட்டோடு வந்தது, மூன்று சேனல், சேனலுக்கு இரண்டு. 1959-ல் லிவர்பூலில் காஸ்பா என்ற நிலவறை கிளப்பில் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன், கென் பிரவுன் என்று நாலு கிட்டார்காரர்கள், டிரம்ஸ் ஆளே கிடையாது. அங்கே கென் பிரவுனிடம் இருந்த சின்ன ஆம்ப் பெரிய சொத்து. அந்தப் பையன்களில் மூன்று பேர் பின்னால் பீட்டில்ஸ் ஆனார்கள்.

நம்மூரில் நிலைமை இன்னும் இறுக்கம். இறக்குமதிக் கெடுபிடி இருந்த நாட்களில் வெளிநாட்டு ஆம்ப் என்பது கனவு. 1970-ஐ ஒட்டி நடந்த சிம்லா பீட் போட்டிக்கு ஷில்லாங்கிலிருந்து ஃபென்டோன்ஸ், மெட்ராஸிலிருந்து கன்ஃப்யூஷன்ஸ் என்று குழுக்கள் வந்தன. சிகரெட் கம்பெனி ஒன்று ராக் குழுக்களுக்காக நடத்திய போட்டி. மேடை எது தெரியுமா? நம்ம பம்பாய் சண்முகானந்தா ஹால். மாட்டுங்கா மாமிகள் எம்.எஸ். கச்சேரி கேட்ட அதே இடத்தில் ஃபஸ் பெடல் உறுமியது. அந்தக் காலத்துக் குழுக்களில் பலர் ரேடியோ மெக்கானிக்கைப் பிடித்து வால்வு ஆம்ப்பை ஊரிலேயே கட்டிக்கொண்டவர்கள். கட்டுகிறவர் சர்க்யூட்டில் இன்னொரு இன்புட் சேர்ப்பது ஒரு ஜாக், ஒரு ரெசிஸ்டர் செலவு; அதனால் சேர்த்தார்கள்.

அந்த ஒரு ரெசிஸ்டரில்தான் விஷயம் இருக்கிறது. பழைய ஃபெண்டர் சர்க்யூட்டில் ஒரே சேனலின் இரண்டு ஜாக்கிலிருந்தும் ஆளுக்கொரு 68 கிலோ ஓம் ரெசிஸ்டர் போய் ஒரே வால்வில் சேரும். ஒருவர் வால்யூமை ஜீரோ ஆக்கினால் அவருடைய ஜாக் எர்த்தாகும், ஆனால் மற்றவருக்கும் அந்த எர்த்துக்கும் நடுவே ரெசிஸ்டர்கள் நிற்கின்றன. அளவு பாதியாகும், ஊமையாகாது. ஒய் கேபிளில் இல்லாத மரியாதை இதுதான். இதற்கும் விலை உண்டு. ஒரு கிட்டார் மட்டும் போட்டால் ஆம்ப் அதற்கு ஒரு மெகா ஓம் காட்டும். ரெண்டு போட்டால் ஒவ்வொன்றும் காண்பது ஏறக்குறைய 136 கிலோ ஓம். பிக்அப்பின் இம்பீடன்ஸ் மேல் ஸ்தாயியில் நூறு கிலோ ஓமைத் தாண்டக்கூடியது. ஆகவே உச்சியில் கொஞ்சம் பளபளப்பு போய்விடும். இரண்டு சேனல் உள்ள ஆம்ப் கிடைத்தால் சேனலுக்கு ஒருவராகச் செருகுங்கள். அங்கே ஆளுக்கொரு வால்வு தாண்டிய பிறகுதான் கலவை நடக்கிறது, ஒருவர் கிட்டாரின் குமிழ் இன்னொருவரைத் தொடாது.

தாராவி ஆம்ப்பில் ஒரே இன்புட், ஒரே சேனல். கையில் பணம் இருந்தால் கிட்டாருக்கென்றே ஹை-இம்பீடன்ஸ் இன்புட் ரெண்டு உள்ள சின்ன மிக்ஸர் வாங்குவது உத்தமம். அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு அடாப்டர், அதற்கு ஒரு பிளக் பாயிண்ட், அதை வைக்க ஒரு இடம். நாங்கள் டப்பா கட்டினோம்.

டிஎல்-072 என்று ஒரு ஐசி. எட்டுக் கால் பூச்சி. ஒரு வடாபாவ் விலைக்குள் லேமிங்டன் ரோட்டில் கிடைக்கும். அதற்குள் ரெண்டு ஆம்ப்ளிஃபையர் இருக்கின்றன, நமக்கும் ரெண்டு கிட்டார். ஆளுக்கொன்று என்று பிரித்துக் கொடுத்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் வாசலில் ஒரு மெகா ஓம். கிட்டாருக்கு அது நல்ல ஆம்ப் போலவே தெரியும், உயர்ஸ்தாயி அப்படியே நிற்கும். உள்ளே சிக்னலை இரட்டிப்பாக்கு என்று ரெண்டு ரெசிஸ்டரால் கட்டளை. வெளிவாசலில் ஆளுக்கு ஒரு பத்து கிலோ ஓம், ரெண்டும் ஒரே ஜாக்கில் சேரும். சேரும் இடத்தில் அளவு பாதியாகும், ஆனால் முன்னாலேயே இரட்டிப்பாக்கிவிட்டதால் வரவும் செலவும் நேராகிவிடும். ஒருவர் வால்யூமை ஜீரோ ஆக்கினால் அவருடைய பாதி ஐசி மட்டும் மௌனம். மற்றவருக்கு மூச்சுகூட மாறாது. கலக்கிற இடத்துக்கு முன்னால் ஆளுக்கொரு காவலாளியை நிறுத்தினால் போதும். மிக்ஸர் என்று கடையில் விற்கும் எல்லாப் பெட்டிக்குள்ளும் சாரம் இவ்வளவே.

ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று. ஐசி இழுப்பது மூன்று மில்லிஆம்பியர் அளவுதான், நல்ல ஆல்கலைன் பேட்டரி நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஸ்விட்ச் வைக்கவில்லை. அதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு: ஒரு ஜாக்கை ஸ்டீரியோ ஜாக்காகப் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரை அதன் நடு வளையத்தில் சோல்டர் செய்துவிட வேண்டும். சாதாரண மோனோ பின்னைச் செருகினால் வளையமும் எர்த்தும் தானாகச் சேர்ந்துகொள்ளும், டப்பாவுக்கு உயிர் வரும். பின்னை உருவினால் அணையும். எஃபெக்ட் பெடல்களில் பல காலமாக இப்படித்தான். வாசித்து முடித்ததும் பின்னை உருவ மறந்தால் பேட்டரி அம்பேல். அதை மூடி மேல் மார்க்கரால் பெரிதாக எழுதிவைத்திருக்கிறாள் ரிதம் பெண்.

கூட்டுக்கு முதலில் அவள் கொண்டுவந்தது பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அழகாகத்தான் இருந்தது, ஆனால் டியூப்லைட் போட்டதும் உள்ளே வண்டு பறந்தது. ஃபேன் ரெகுலேட்டரை நடுவில் வைத்தால் இன்னும் பெரிய வண்டு. மெகா ஓம் வாசல் என்பது திறந்த காது, சுற்றியிருக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்டையெல்லாம் அது கேட்கும். அதைச் சுற்றி எர்த்தோடு சேர்ந்த உலோகக் கவசம் வேண்டும். சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றலாம் என்று பையன் சொன்னான். அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டாது, எர்த் வயரை எங்கே பிடிப்பது? கடைசியில் அவன் வீட்டிலிருந்து பிஸ்கெட் டின் வந்தது. தகரத்தில் ஈயம் வெண்ணெய் மாதிரி ஓடும். பெயிண்டைச் சுரண்டி ஒரு பொட்டு வைத்து எர்த் வயரை ஒட்டினான். வண்டு போயிற்று. சிங்கிள் காயில் பிக்அப் தன் பங்குக்குப் பிடிக்கும் ஹம்மிங் மட்டும் பாக்கி. அதற்கு டப்பா என்ன செய்யும். கிட்டாரைக் கொஞ்சம் திரும்பிப் பிடி என்றேன்.

சந்தோஷம் அடுத்த வாரம் வரைக்கும் நீடித்தது. பையன் ஆம்ப்பில் ஓவர்டிரைவ் பட்டனை அமுக்கினான். அவன் லீட் உறுமியது, சரி. அவளுடைய ரிதமும் சேர்ந்து சேறாகிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் கேபிளையும் ரெசிஸ்டரையும் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சுத்தமான ஆம்ப் ரெண்டு சிக்னலைச் சேர்த்துப் பெரிதாக்கும், அதற்கு மேல் தலையிடாது. டிஸ்டார்ஷன் அப்படி இல்லை. அது அலையின் தலையை வெட்டுகிறது. வெட்டும்போது உள்ளே வந்த சுரங்களின் கூட்டலும் கழித்தலும் புதுச் சுரங்களாகப் பிறக்கின்றன. ஒருவர் 110 ஹெர்ட்ஸ் ஏ வாசிக்கிறார், இன்னொருவர் அதன் பஞ்சமம், 165 ஹெர்ட்ஸ் ஈ. கழித்தால் 55. அது அதே ஏ, ஒரு ஸ்தாயி கீழே. பவர் கார்டு பாறை மாதிரி விழுவதன் ரகசியம் அதுதான். இப்போது பஞ்சமத்துக்குப் பதில் காந்தாரம் என்று வையுங்கள், சி ஷார்ப், 138.6 ஹெர்ட்ஸ். கழித்தால் 28.6. அது அந்த கார்டில் எந்தச் சுரத்தோடும் ஒழுங்காக உட்காராது, அடியில் கலங்கிக்கொண்டே இருக்கும். அவள் நாலு சுரத்துக் கார்டு, அவன் அதன் மேல் கம்பியை வளைத்து ஒரு லீட். வளைக்க வளைக்க இந்தக் கழித்தல் மிச்சங்கள் எல்லாம் இடம் மாறி ஊர்ந்தால் சேறாகாமல் என்ன ஆகும்? கலந்த பிறகு டிஸ்டார்ஷன் வந்தால் ரெண்டு பேர் கையும் சேர்ந்து ஒரே கிட்டாரில் பன்னிரண்டு கம்பி மீட்டின மாதிரி. அவன் தப்புச் சுரம் வைத்தால் அவள் கார்டு கெடும்.

ஆகவே ஆம்ப் எப்போதும் சுத்தமாக இருக்கட்டும். உறுமல் வேண்டும் என்றால் ஆளுக்கொரு பெடல், அது டப்பாவுக்கு முன்னால். முதலில் அழுக்காக்கு, பிறகு கல. பையன் பழைய டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றை யாரிடமோ கடன் வாங்கி வந்தான், சேறு தெளிந்தது. விதிவிலக்கு ஒன்று உண்டு, அதை அவர்களே கண்டுபிடித்தார்கள். பாட்டு முடியும் இடத்தில் ரெண்டு பேரும் ஒரே வரியை வாசிக்கிறார்கள், அல்லது இவள் ஆதார சுரம், அவன் பஞ்சமம். அப்போது மட்டும் ஆம்ப்பின் ஓவர்டிரைவ். தகரக் கூரை அதிர்ந்தது. பாஸ்டர் கீழேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரே ஸ்பீக்கர் என்றால் எது யார் கிட்டார் என்று தெரியாதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். தெரிய வைப்பது வாசிக்கிறவர்கள் வேலை. விவித பாரதியில், மீடியம் வேவில், ஒற்றை ஸ்பீக்கர் டிரான்சிஸ்டரில் இளையராஜா கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அன்னக்கிளி வந்த 1976-லிருந்து அந்தச் சின்னப் பெட்டியில் ரிதம் கிட்டாரும் லீட் கிட்டாரும் பேஸும் பிரிந்து பிரிந்து கேட்கவில்லையா? ஒன்றின் ஸ்தாயியில் இன்னொன்று கால் வைக்காது, அதுதான் காரணம். நான் அவளை ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ கவ்வியைப் போட்டு மேலே ஏறச் சொன்னேன், அவன் நடு ஸ்தாயியில் நின்றான். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்தது.

இன்னும் கஷ்டமான கேஸ் கர்நாடக மேடையில் இருந்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸும் தம்பி ராஜேஷும் சேர்ந்து வாசித்த நாட்களில் ரெண்டும் எலெக்ட்ரிக் மாண்டலின், ஒரே சுருதி, ஒரே ஸ்தாயி, கிட்டத்தட்ட ஒரே டோன். கண்ணை மூடிக்கொண்டால் கல்பனாஸ்வரத்தில் அண்ணன் எங்கே முடித்தார், தம்பி எங்கே எடுத்தார் என்று கூர்ந்து கேட்டால்தான் பிடிபடும். அவர்கள் ஒருவர் முடித்து ஒருவர் எடுப்பதால் பிழைத்தது. அங்கே டோனில் ஒரு துளி அழுக்கு இருந்தாலும் கமகம் போய்விடும். டிஸ்டார்ஷன் பைத்தியங்களுக்கு நான் ஸ்ரீநிவாஸ் போட்டுக் காட்டுவது வழக்கம். பெரும்பாலும் வேலை செய்வதில்லை.

சபையின் தெருக் கூட்டம் என்றால் ஆம்ப்பை விட்டுவிட்டு மைக் செட்தான். சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சி கொண்டுவரும் பெட்டியில் நாலு மைக் இன்புட் இருக்கிறதே, கிட்டாரை அதில் செருகினால் என்ன? செருகலாம், கேட்கவும் கேட்கும், நன்றாக இருக்காது. அந்த மைக் இன்புட் பொதுவாக ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவான சிக்னலை எதிர்பார்ப்பது. கிட்டாரோ ஓங்கி அடித்தால் நூற்றுக்கணக்கில் மில்லிவோல்ட் கொடுக்கும். வாசலிலேயே சிக்னல் நசுங்கிவிடும். இம்பீடன்ஸும் சில கிலோ ஓம்தான், உச்ச ஸ்தாயி அங்கேயே புதைந்துவிடும். அதே பெட்டியின் பின்னால் ஆக்ஸ் என்று இருக்கும், அது நூறு மில்லிவோல்ட் கணக்கில், வாசலும் அகலம். டப்பாவிலிருந்து வரும் வயரை ஆக்ஸில் போடுங்கள். அண்ணாச்சியிடம் முதல் தடவை சொன்னபோது, "ஆக்ஸு சிடி பிளேயருக்குள்ளது தம்பி" என்றார். போட்டுக் காட்டினோம். இப்போது அவரே ஒரு கேபிளை ஒதுக்கி வைத்திருக்கிறார். குழாய் ஸ்பீக்கரில் கிட்டார் கேட்பது வேறு துன்பம்; அதைப் பற்றி அவரிடம் பேசும் தைரியம் எனக்கு வரவில்லை.

இப்போது குழுவில் பேஸ் வாசிக்கும் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். டப்பாவில் மூன்றாவது ஜாக் வைத்துவிடலாமே அண்ணே என்கிறார்கள். ஐசியை மாற்றினால் வைக்கலாம், சர்க்யூட் தடுக்காது. ஸ்பீக்கர் தடுக்கும். பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். 20 வாட் ஆம்ப்பின் எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் அதைத் தள்ள முயன்று முன்னும் பின்னும் குதிக்கும். அந்தக் குதிப்பின் மேல் ஏறிக்கொண்டு கிட்டாரும் நடுங்கும். ஆம்ப்பின் சக்தியெல்லாம் பேஸுக்கே போய், கிட்டார் தொட்டாலே உடையும். கோனும் ஒருநாள் கிழியும். ரெண்டு கிட்டாரை ஒரே ஆம்ப்பில் சேர்க்கலாம் என்று இவ்வளவு தூரம் வாதாடியவன் சொல்கிறேன், பேஸைச் சேர்க்காதீர்கள்.

ஆக, ஒரு பழைய பேஸ் ஆம்ப் தேவை. செம்பூர், சயான், மாட்டுங்கா பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது சும்மா கிடந்தால் கமெண்டில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். 15 வாட் இருந்தாலும் போதும், பத்து இஞ்ச் ஸ்பீக்கர் என்றால் ரொம்ப நல்லது. எடை மட்டும் 15 கிலோவைத் தாண்ட வேண்டாம். அந்த மாடிக்குப் படி கிடையாது, இரும்பு ஏணிதான். தையல் மெஷின் உரிமையாளரிடம் அரை மூலைக்கு ஏற்கெனவே பேசியாயிற்று.